பீரோவுக்குப் பின்னால் பூத்த சுவர்

1

புதுச்சேரியில் மாசி பிறந்துவிட்டது. பிற்பகல் மூன்று மணி. கடற்காற்று இன்னும் எங்கள் தெருவுக்குள் நுழையவில்லை. எதிர்வீட்டு மாடியில் காயும் மஞ்சள் புடவை அசையாமல் தொங்குகிறது. என் மனைவி தனலட்சுமி அடுத்த அறையில் உறங்குகிறாள். நான் மேசையின் முன் அமர்ந்து அவள் இருமாமல் இருப்பதைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

இல்லாத ஓர் ஒலியைக் கேட்பதற்கும் பழக்கம் வேண்டும். பிரான்சில் கழிந்த மூன்று குளிர்காலங்களில் அந்த இருமலின் இடைவெளிகளில்தான் நான் நாளிதழ் படித்தேன், தேநீர் அருந்தினேன், கடிதங்களுக்கு விடை எழுதினேன். சிறு சிறு தொடர்களாக இருமல் வரும். முடிவில் மூச்சுக்குழலின் அடியிலிருந்து மெல்லிய சீழ்க்கை ஒன்று எழும். பிறகு, யாரும் கேட்காமலே, "ஒண்ணுமில்ல" என்று அவள் சொல்லுவாள். இப்போது அந்த மூன்றும் இல்லை. வெயிலில் ஊறிய அமைதி ஒன்று வீடு முழுவதும் தேங்கி நிற்கிறது. அதற்குள் மிதப்பது போல நான் அமர்ந்திருக்கிறேன்.

இவ்விதழில் ஓராண்டுக்கு முன்பு நான் எழுதிய குறிப்பொன்றில், பாரிசுக்கு வெளியே எங்கள் அடுக்குமாடி வீட்டின் தூய்மையைப் பற்றி ஒரு பத்தியும், அங்கே பிறந்து வளரும் நம் பிள்ளைகள் பெற்றோரை விட்டு விலகிப்போவதைப் பற்றி மூன்று பத்திகளும் இருந்தன. வாசகர்கள் பாராட்டினார்கள். தம் பிள்ளைகளுக்கு அதைப் படித்துக் காட்டியதாக இருவர் எழுதியும் இருந்தார்கள். அந்த நான்கு பத்திகளையும் திரும்பப் பெற்றுக்கொள்வதற்காகவே இதை எழுதுகிறேன்.

2

இவ்வாண்டோடு நான் பிரான்சுக்குச் சென்று முப்பத்தேழு ஆண்டுகள் நிறைகின்றன. என் மாமனார் பிரெஞ்சுப் படையில் பணியாற்றி ஓய்வு பெற்றவர். எங்கள் ஊரில் அத்தகையோரைச் சொல்தா என்பார்கள். அவர் மகளுக்குப் பிரெஞ்சுக் குடியுரிமை இருந்தது. லாஸ்பேட்டையில் கல்லூரிப் படிப்பை முதல் வகுப்பில் முடித்த எனக்கு அது இல்லை. திருமணத்தன்று பந்தியில் ஒருவர், "மாப்ள பொண்டாட்டி பேப்பர்ல பறக்கப் போறாரு" என்று சொன்னது என் காதில் விழுந்தது. அந்த ஒரு வரியைப் பொய்யாக்கவே முப்பத்தேழு ஆண்டுகளும் வாழ்ந்தேன் என்றால் மிகையில்லை. அஞ்சல் துறையில் பணி, பிழையற்ற பிரெஞ்சு, தேய்த்த சட்டை, கேள்வி எழாத ஆவணங்கள். தொசியே என்று அங்கே சொல்லும் கோப்புகள் எங்கள் வீட்டில் நிறவாரியாக அடுக்கப்பட்டிருக்கும். நீலம் வரிக்கு, பச்சை மருத்துவத்துக்கு, சிவப்பு வீட்டுக்கு.

வீடு மூன்றாம் தளத்தில், வடக்குப் பார்த்தது. பழைய மரச் சன்னல்கள் காற்றைத் தடுக்கத் தெரியாதவை. குளிர்காலத்தில் திரைச்சீலை தானே ஆடும். ஒன்பது ஆண்டுகளுக்கு முன்பு, எங்களுக்கு வாடகைக்கு விட்டிருந்த வீட்டு நிர்வாகம் அவற்றை அகற்றிவிட்டு இரட்டைக் கண்ணாடிச் சன்னல்களைப் பொருத்தியது. ஒவ்வொன்றின் தலைப்பிலும் ஒரு விரல் அகலத்தில் நீண்ட பிளவு ஒன்று இருந்தது. வீட்டுக்குள் எழும் ஈரம் வெளியேற அது வேண்டும், அடைக்கக் கூடாது என்று ஒரு தாளும் தந்தார்கள். அதைச் சிவப்புக் கோப்பில் வைத்தேன்.

அந்தக் கார்த்திகையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை தனம் கருவாட்டுக் குழம்பு வைத்தாள். வீராம்பட்டினத்துக் கருவாடு, என் தங்கை வசந்தா நான்கு உறைகளில் பொதிந்து கொடுத்தது. மறுநாள் மாடிப்படியில் கீழ்வீட்டு மதாம் என்னை நிறுத்தி, மிகுந்த பணிவோடு, "நேற்று உங்களுக்கும் அந்த நாற்றம் வந்ததா? சுவருக்குள் எலி ஏதேனும் செத்துக் கிடக்கிறதோ என்று நிர்வாகத்துக்கு எழுதப் போகிறேன்" என்றார். நானும் அதே பணிவோடு, "ஆம், வந்தது, எழுதுங்கள்" என்றேன்.

அன்று மாலையே அகலமான ஒட்டுநாடா வாங்கி வந்து நான்கு சன்னல்களின் பிளவுகளையும் அடைத்தேன். நாடா தெரியக் கூடாது என்பதற்காக அதன்மேல் வெள்ளை வண்ணம் இருமுறை பூசினேன். விளிம்புகூடத் தெரியவில்லை. என் கைகளால் செய்தவற்றுள் அவ்வளவு நேர்த்தியான வேலை வேறில்லை.

தனம் கீழே நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். "அடைக்கக் கூடாதுன்னுதானே தாளு குடுத்தாங்க?"

"வாசனை போறது நம்ம மானம் போற மாதிரி" என்றேன்.

"அப்ப ஆவி எங்க போவும்?"

நான் தூரிகையை மறுபடி வண்ணத்தில் நனைத்தேன்.

3

ஆவி எங்கும் போகவில்லை. சோறு வடிக்கும் ஆவி, குளிக்கும் ஆவி, குளிர்நாளில் வெப்பக்குழாய்மேல் உலர்த்திய துணிகளின் ஈரம், இரண்டு மனிதர்கள் விடும் மூச்சு எல்லாம் வீட்டுக்குள்ளேயே உலவி, மிகவும் குளிர்ந்த இடத்தைத் தேடிச் சென்று அமர்ந்தன. அது படுக்கையறையின் வடக்குச் சுவர். அதை ஒட்டி எங்கள் பீரோ.

ஓர் உறவினர் திருமணத்துக்காகத் தனம் பட்டுப்புடவையை எடுத்தபோதுதான் முதலில் தெரிந்தது. சரிகையில் சாம்பல் நிறத்தில் ஏதோ பூத்திருந்தது. நனைந்த கோணிச் சாக்கின் மணம். பீரோவை இருவரும் நகர்த்தினோம்.

சுவரில் மிளகைத் தட்டித் தூவியது போல் கரும்புள்ளிகள். அவற்றைச் சுற்றிப் பசுமையான வட்டங்கள். வட்டங்கள் ஒன்றோடொன்று கைகோத்து, விமானச் சன்னலிலிருந்து பார்க்கும் கடலோரம் போல, தீவுகளும் கழிமுகங்களுமாக இறங்கிக்கொண்டிருந்தன. சொல்லக் கூசுகிறேன், முதற்கணத்தில் அது அழகாக இருந்தது.

"பூசணம்" என்றாள் தனம். எங்கள் ஊரில் ஐப்பசி மழையில் செருப்பிலும் அப்பளத்திலும் பூப்பதை நாங்கள் அழைக்கும் அதே பெயர்.

"பூசணமெல்லாம் நம்ம ஊர்ல. இது வண்ணம் கறுத்துப் போனது" என்றேன்.

வெளுப்பு நீரால் துடைத்தேன். சுவர் வெளுத்தது. வண்ணம் பூசினேன். பீரோவைத் திரும்ப ஒட்டி வைத்தேன். அடுத்த குளிர்காலத்தில் அதே தீவுகள் அதே இடத்தில் எழுந்தன. அவற்றுக்கு என் வண்ணம் வெறும் மூடுபனி. பிறகு ஒவ்வொரு கார்த்திகையிலும், குளிர் இறுகுவதற்கு முன்பு, அந்தச் சுவருக்கு நான் வெள்ளையடிப்பது வழக்கமாயிற்று. பொங்கலுக்கு அடிப்பதில்லையா, அதைப் போல என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அந்நாட்களில் பிற்பகல் உறக்கத்தில் ஒரே கனவு வரும். பீரோவை நகர்த்துகிறேன். சுவர் கரும்பச்சை வெல்வெட்டாக வளர்ந்திருக்கிறது. தொட்டால் கை உள்ளே போகிறது. தொடர்ந்து நானும் போகிறேன். மறுபுறம் புதுச்சேரிக் கடற்கரைச் சாலை. மாலை வெயில். நல்லாடை உடுத்திய மனிதர்கள் உலவிக்கொண்டிருக்கிறார்கள். என் கல்லூரித் தோழர்கள், பந்தியில் அந்த வரியைச் சொன்னவர், எல்லோரும். என் சட்டை முழுவதும் கரும்புள்ளிகள். ஒருவரும் ஒன்றும் சொல்வதில்லை. ஆனால் எல்லோரும் நின்றுவிடுகிறார்கள், அலைகூட நின்றுவிடுகிறது. விழித்தால் அடுத்த அறையில் இருமல்.

4

எங்கள் ஒரே மகள் நளினி ரயிலில் இரண்டு மணி நேரத் தொலைவில் வசிக்கிறாள். அவளுக்கு ஐந்து வயதில் ஒரு மகள், லியா. முன்பெல்லாம் மாதம் ஒருமுறை குழந்தையோடு வந்து இரண்டு நாள் தங்கிப் போவாள். பிறகு வரவு குறைந்தது. அவள் மட்டும் காலையில் வந்து மாலையில் திரும்புவாள். கேட்டால் குழந்தைக்கு நடன வகுப்பு, குழந்தைக்குப் பிறந்தநாள் அழைப்பு. "நம் பிள்ளைகள் விருந்தாளிகளாகிவிட்டார்கள்" என்று முன்பு நான் எழுதிய வரி அந்த மாலைகளில் ஒன்றில் உருவானது.

சென்ற ஆண்டு என்னிடம் சொல்லாமல் அவள் வீட்டு நிர்வாகத்துக்கு எழுதிவிட்டாள். 'என் பெற்றோரின் வீட்டில் பூஞ்சை உள்ளது, தாய்க்கு மூச்சுத்திணறல், பார்வையிடவும்.' நாள் குறித்து விடைக்கடிதம் வந்தபோதுதான் எனக்குத் தெரிந்தது. உடனே தொலைபேசியில் அழைத்தேன்.

"புகார் எழுதுற குடும்பமா நாம?"

"புகார் இல்லப்பா. அது அவங்க வேலை. அவங்க வந்து பாக்கணும், அதான் சட்டம்."

"நம்ம வீட்டைப் பாத்துட்டு, இந்தியக்காரன் வீடு இப்பிடித்தான் இருக்கும்னு எழுதிட்டுப் போவாங்க."

"அம்மா இருமுறத யாரு எழுதுவா?" என்றாள். நான் இணைப்பைத் துண்டித்தேன்.

எங்கள் ஊரில் வெளியார் வருகிறார் என்றால் சுவருக்கு வெள்ளையடிப்போம். அதை யாரும் ஏமாற்று என்று சொல்வதில்லை. வருபவருக்குச் செய்யும் மரியாதை. ஆய்வாளர் வருவதற்கு முதல்நாள் நான் செய்ததும் அதுதான். துடைத்தேன், இருமுறை பூசினேன், மின்விசிறி வைத்து உலர்த்தினேன், பீரோவைச் சுவரோடு சேர்த்தேன். சந்தன ஊதுபத்தி ஒன்றும் ஏற்றி வைத்தேன்.

வந்தவர் இளம்பெண். ஈரம் அளக்கும் கருவியைச் சுவர்களில் வைத்துப் பார்த்தார். "இந்தப் பீரோவை நகர்த்தலாமா?" என்றார். அது மிகவும் கனமானது, என் முதுகு இடம் தராது, பின்னால் ஒன்றுமில்லை என்று மிகத் திருத்தமான பிரெஞ்சில் சொன்னேன். ஒரு வினைச்சொல்லிலும் பிழையில்லை. சன்னல் பிளவுகள் எங்கே என்று கேட்டார். இந்த வீட்டுச் சன்னல்களில் இல்லை போலும் என்றேன். அவர் அண்ணாந்து பார்த்தார். என் நேர்த்தி வென்றது. தனம் காப்பியும் முறுக்கும் கொண்டுவந்து வைத்தாள். இருமல் வந்துவிடுமோ என்று முந்தானையை வாயில் வைத்தபடி சமையலறைக்குத் திரும்பிவிட்டாள்.

மூன்று வாரத்தில் கடிதம் வந்தது. குறை ஏதும் காணப்படவில்லை. வீடு நன்கு பேணப்பட்டுள்ளது. அந்த இரண்டாவது வாக்கியத்தை நான் உரக்கப் படித்தேன்.

தனம் கடிதத்தை வாங்கி ஒருமுறை பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தாள். "நல்ல மார்க் வாங்கிட்டீங்க" என்றாள்.

5

நான்கு ஆண்டுகள் கழித்து, இவ்வாண்டு மார்கழி தொடக்கத்தில் நாங்கள் புதுச்சேரிக்கு வந்தோம். நாங்கள் வராத ஆண்டுகளில் பூட்டிக் கிடக்கும் இந்த வீட்டின் சாவி என் தங்கை வசந்தாவிடம் இருக்கும். அவள் மூலக்குளத்தில் தன் மகனோடு வசிக்கிறாள். வாரம் ஒருமுறை பேருந்தில் வந்து கூட்டித் துடைத்துவிட்டுப் போவாள். அவளுடைய கணவர் பஞ்சாலையில் முப்பது ஆண்டு உழைத்து, இருமலோடு ஓய்வு பெற்று, இருமலோடு மறைந்தவர்.

தனம் ஆட்டோவிலிருந்து இறங்கும்போதே இருமுவதைப் பார்த்து வசந்தாவின் முகம் மாறியது.

"இன்னா அண்ணி இது? மெலிஞ்சி போயிட்டிங்க. அண்ணே, நாளைக்கே டாக்டர் கிட்ட போவலாம்."

எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவில் ஒரு பெண் மருத்துவர் இருக்கிறார். தனத்தின் முதுகில் கருவியை வைத்து நெடுநேரம் கேட்டார். மூக்கடைப்பு உண்டா, கண் அரிக்குமா, எந்த நேரத்தில் கூடும் என்றெல்லாம் வினவினார். பிறகு என்னைப் பார்த்துக் கேட்டார்.

"அங்க வீட்ல ஈரம் இருக்கா சார்? சுவத்துல பூசணம் கீசணம்?"

மூன்று பேர் என் பக்கம் திரும்பினார்கள். தனம் முதலில் பார்த்தாள், பிறகு தன் மடியைப் பார்த்துக்கொண்டாள்.

"நாங்க பிரான்சுல இருக்கோம் டாக்டர்" என்றேன்.

வசந்தா சிரித்துவிட்டாள். "அங்கெல்லாம் தூசி கூட இருக்காது டாக்டர். போட்டோவுல பாத்திருக்கேன், கண்ணாடி மாதிரி இருக்கும் ஊடு."

மருத்துவர் பேனாவை மூடினார். "அப்ப இங்கதான் பாக்கணும். பூட்டியே கெடக்குற வீடு, மழைக்காலம் வேற இப்பதான் முடிஞ்சிருக்கு. பூசணம் கண்ணுக்குத் தெரியாத தூளா காத்துல பறக்கும். மூச்சுல போனா ஒத்துக்காதவங்களுக்கு இருமல், இழுப்பு எல்லாம் வரும். தொத்து நோய் இல்ல. ஆனா அந்த எடத்துலயே இருந்தா மருந்து எதுவும் நிக்காது. இங்க வர்றதுக்கு முன்னாடியும் இருமல் இருந்துச்சா?"

"கொஞ்சம் சளி இருந்தது" என்றேன்.

திரும்பும் வழியெல்லாம் வசந்தா எங்களுக்கு முன்னால் விரைந்து நடந்தாள். வாயிற்படியில் செருப்பைக் கழற்றும்போது, "வாராவாரம் தொடைக்கிறேனே அண்ணே" என்றாள். யாரோ அவளைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிட்டதைப் போல இருந்தது அந்தக் குரல். ஏற்றியவன் நான்.

6

மறுநாள் காலை ஏதோ தேய்க்கும் ஒலியில் விழித்தேன். கூடத்தில் வசந்தா ஸ்டூலின் மேல் நின்று, இழுத்துச் செருகிய புடவையும் தலையில் துண்டுமாக, சுவரைத் தேங்காய்நாரால் தேய்த்துக்கொண்டிருந்தாள். கீழே வாளியில் சுண்ணாம்பு கொதித்து அடங்கியிருந்தது. அவளுக்கு அறுபத்து நான்கு வயது.

"ஆளை வச்சு அடிக்கலாமே வசந்தா."

"ஆளு வந்து மேலாக்க அடிச்சிட்டுப் பூடுவான். நான் பாத்துக்காம வுட்டது, நான்தான் தேய்க்கணும்." அவள் திரும்பாமலே பேசினாள். "பீரோ பின்னாடி பாத்தேன் அண்ணே. ஒரு ஓரத்துல லேசா இருக்குது. அத நகத்திப் பாக்காம வுட்டுட்டேன். எனக்கே வெக்கமா இருக்கு."

நானும் போய்ப் பார்த்தேன். இந்த வீட்டுப் பீரோவுக்குப் பின்னால் உள்ளங்கை அளவுக்கு ஒரு சாம்பல் கறை. அவ்வளவுதான்.

"எங்க ஊட்டுக்காரரும் இப்பிடித்தான் இருமிக்கினு இருந்தாரு" என்றாள் மேலும். "மில்லுல காத்து முழுக்கப் பஞ்சா பறக்கும். மேஸ்திரி கிட்ட போயிக் கேட்டா, பஞ்சா? இங்க எங்கய்யா பஞ்சு பறக்குதுன்னுவான். வெள்ள வெளேர்னு சட்ட போட்டுக்கினு நின்னு சொல்லுவான். தோள்பட்டைல பஞ்சு ஒட்டிக்கினு இருக்கும்."

சுண்ணாம்பு மணம் கூடம் முழுவதும் பரவியிருந்தது. நார் மேலும் கீழும் போய்க்கொண்டிருந்தது. காலை வெளிச்சத்தில் வெண்தூள் மெல்லச் சுழன்று, நான் அணிந்திருந்த வெள்ளைச் சட்டையின் தோளில் வந்து இறங்கியதை நான் பார்த்தேன். தட்டிவிடத் தோன்றவில்லை. அப்போதே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. ஸ்டூல் ஆடாமல் பிடித்துக்கொண்டேன்.

7

இருமல் குறையத் தொடங்கியது. முதல் வாரத்தில் சீழ்க்கை நின்றது. மூன்றாம் வாரத்தில் தனம் மாடிப்படி ஏறி இறங்கினாள். தை பிறந்தபோது அவள் முகத்தில் ஒரு நிறம் திரும்பியிருந்தது. வசந்தா தெரு முழுவதும் சொல்லிவிட்டாள்: "நான் அடிச்ச சுண்ணாம்புதான். டாக்டரே அசந்துட்டாங்க."

எனக்கு அது வசதியாக இருந்தது. வீடு தவறு செய்தது, வீடு திருந்தியது. கனவுகூட வரவில்லை. மாலையில் கடற்கரைச் சாலையில் நடந்தேன். அலை நிற்கவில்லை, யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

சென்ற வாரம் நான் விமானச் சீட்டுகளை எடுத்து மேசைமேல் வைத்தேன். பங்குனித் தொடக்கத்தில் பயணம். மாலையில் தனம் மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தாள். நானும் ஏறிப் போனேன்.

"மருந்தெல்லாம் மூணு மாசத்துக்கு வாங்கிடலாமா?" என்று கேட்டேன்.

"உங்களுக்கு வேணுங்கறத வாங்குங்க. நான் வரல."

"எங்க வரல?"

"அந்த வீட்டுக்கு." அவள் துணியை மடித்துக்கொண்டே சொன்னாள், கோபம் இல்லை, அழுகை இல்லை. "ரெண்டு மாசமா படுத்தா தூங்குறேன். தூங்குறதுன்னா இப்பிடித்தான் இருக்கும்னே மறந்து போச்சு. இத வுட்டுட்டு மறுபடி அந்தச் செவுத்துப் பக்கத்துல போயிப் படுக்க என்னால ஆகாது. நீங்க போங்க. கோபிச்சிக்கல."

"ஊர்ல என்ன சொல்லுவாங்க? புருஷன் அங்க, பொண்டாட்டி இங்கன்னு..."

"சுண்ணாம்புதான் காரணம்னு வசந்தா சொல்லிக்கினு திரியுதே, அதையும் ஊரு கேட்டுக்கினுதான் இருக்கு. ஒரு வார்த்த சொன்னீங்களா?"

 அவள் மடித்த துணிகளைக் கையில் அணைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"இன்னொண்ணு. இத சொல்லக் கூடாதுன்னு நளினி சத்தியம் வாங்கியிருக்கா. பரவால்ல. குழந்தைய ஏன் கூட்டிக்கினு வர்றதில்லன்னு நெனைக்கிறீங்க?"

"அங்கத்துப் பிள்ளைங்க அப்பிடித்தான்..."

"ரெண்டு வருஷத்துக்கு முன்ன நம்ம வீட்ல ராத்திரி தங்கிட்டுப் போன மறுநாளு லியாவுக்கு இழுப்பு வந்து ஆஸ்பத்திரில வச்சாங்க. அடுத்த தடவையும் அப்பிடியே. அதுக்கப்புறம்தான் நிறுத்திட்டா. உங்க கிட்ட சொன்னா, உங்க வீட்டக் குத்தம் சொல்றதா எடுத்துப்பீங்கன்னு, டான்சு கிளாசு, பொறந்தநாளுன்னு பொய் சொல்லிக்கினு இருக்கா. உங்க பொண்ணுதானே. பொய்ய நல்லா பூசி மெழுகத் தெரியும்."

அவள் கீழே இறங்கிப் போனாள். கொடிகள் வெறுமையாக ஆடிக்கொண்டிருந்தன. தொலைவில் கடல் சாம்பலும் நீலமுமாய்க் கலங்கி, விளிம்பில் சிறு சிறு தீவுகள் போல நுரை மிதந்தது. மூன்று பத்திகள் எழுதினேன் அல்லவா, பிள்ளைகள் விலகிப்போவதைப் பற்றி? பண்பாடு, மொழி, வேர் என்றெல்லாம் அவற்றில் சொற்கள் இருந்தன. பீரோ என்ற சொல் இல்லை.

8

மறுநாள் வசந்தா வந்ததும் அவளைக் கூடத்தில் உட்காரச் சொன்னேன். என்னால் உட்கார முடியவில்லை. நின்றுகொண்டே, பள்ளியில் ஒப்பிப்பதைப் போலச் சொன்னேன்: சன்னல், நாடா, சுவர், ஆய்வாளர், மருத்துவரிடம் நான் சொன்னது. அவளுடைய சுண்ணாம்புக்கும் இருமலுக்கும் தொடர்பில்லை என்றும், இந்த வீட்டில் அவள் பேணுதலில் ஒரு குறையும் இல்லை என்றும் சொன்னேன்.

அவள் வாய் பிளந்து கேட்டாள். சினப்பாள் என்று எதிர்பார்த்தேன்.

"பிரான்சுலயா?" என்றாள்.

"ஆமாம்."

"பிரான்சுலயுமா பூசணம் பூக்கும்?"

"பூக்கும்."

"அடப்பாவமே. ரெண்டு நாளு கையே தூக்க முடியல எனக்கு." உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டாள். பிறகு சமையலறையை நோக்கி, "ஏன் அண்ணி, இவரு சொல்லலன்னா நீங்களாவது சொல்லக் கூடாது?" என்று குரல் கொடுத்தாள்.

"உங்க அண்ணன் மானம்மா அது. நான் எப்பிடித் தொடுறது?" என்று உள்ளிருந்து விடை வந்தது. இருவரும் சிரித்தார்கள். நான் நின்றுகொண்டே இருந்தேன்.

அன்றே மருத்துவரிடம் தனியாகச் சென்று உண்மையைச் சொன்னேன். அவர் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. பழைய குறிப்பில் ஒரு வரியை அடித்துவிட்டு, "சுவர முழுசா காய வைக்காம அவங்கள அங்க படுக்க வைக்காதீங்க. காத்து போற வழியத் தொறங்க. மேல மேல வண்ணம் அடிச்சா அது போகாது சார்" என்று மட்டும் சொன்னார்.

நேற்று ஞாயிற்றுக்கிழமை. நளினியிடம் எங்கள் வீட்டின் மாற்றுச் சாவி உண்டு. அவளை அழைத்து, "வீட்டுக்குப் போ. பீரோவை நகத்தி சுவரை எனக்குக் காட்டு" என்று சொல்லியிருந்தேன்.  "நெசமாவாப்பா?" என்றாள். அவள் சிறுமியாக இருந்தபோது கேட்ட குரல்.

இங்கே மாலை நான்கரை, அங்கே நண்பகல். கைப்பேசித் திரையில் அவள் வந்தாள்; மூக்கையும் வாயையும் மூடிய முகக்கவசம், கையுறை. தன் கணவரையும் அழைத்து வந்திருந்தாள். அவர் பீரோவைத் தள்ளும் ஒலி கேட்டது. தனமும் வசந்தாவும் என் இரு தோள்களுக்கும் மேலாகக் குனிந்தார்கள்.

கார்த்திகையில் நான் பூசிய வெண்மையைத் துளைத்துக்கொண்டு அந்தக் கடலோரம் முழுவதும் எழுந்திருந்தது. தீவுகள், கழிமுகங்கள், மேலே கூரைவரை ஏறிய ஒரு கருமேகம். முதன்முறையாக அதை வெளிச்சத்தில், மற்றவர்களோடு சேர்ந்து பார்த்தேன். அது அழகாக இல்லை. ஒரு நோயுற்ற சுவர், அவ்வளவே.

வசந்தா திரையருகே முகத்தைக் கொண்டுபோனாள். "நம்ம ஊரு பூசணம் மாதிரியேதான் கீது" என்றாள், சற்றே ஏமாற்றத்தோடு.

"போட்டோ எடுத்துக்கறேன்பா. நிர்வாகத்துக்கு நான் எழுதவா?"

"வேண்டாம். நான் எழுதுறேன். போன தடவை மறைச்சவன் நான்னு நானே எழுதணும். நீ சன்னல் கிட்ட போ. மேல ஒரு பிளவு இருக்கும்."

அவள் அண்ணாந்து தேடினாள். "இங்க ஒண்ணும் இல்லியேப்பா. வெறும் வெள்ளையா இருக்கு."

"இருக்கு. இடது மூலைல நகத்தை வை. இன்னும் மேல. கொஞ்சம் மேடா தெரியும்."

"தெரியல."

"மெதுவா தடவு. ரெண்டு தடவை பூசியிருக்கேன், அவ்வளவு லேசுல வராது."

"ரொம்ப நல்லா ஒட்டியிருக்கீங்க" என்றாள். அதில் குத்தல் இருந்ததா என்று தெரியவில்லை. சிறிது நேரம் அவள் மூச்சு மட்டும் கேட்டது. பிறகு ஒரு நீண்ட கிழிசல், புதுத்துணியைக் கடைக்காரர் கிழிப்பதைப் போல, ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை.

"வுவாலா, வந்துடுச்சு" என்றாள். "காத்து வருதுப்பா. ஜில்லுனு மூஞ்சில அடிக்குது."

அவளுக்குப் பின்னால் எங்கள் படுக்கையறைத் திரைச்சீலை அசைந்தது. ஒன்பது ஆண்டுகளாக அது அசைந்து நான் பார்த்ததில்லை.

தனம் கைப்பேசியை என்னிடமிருந்து வாங்கினாள். "போதும் வா வெளிய. கையுறைய அங்கயே கழட்டிப் போட்டுட்டுக் கதவச் சாத்து. குழந்தைகிட்ட போறதுக்கு முன்ன குளி, துணிய மாத்து." பிறகு என்னிடம் சொன்னாள்: "நீங்க முன்னாடி போங்க. ஈரம் அளக்க வந்த அந்தப் பொண்ணு மறுபடி வந்து பாக்கட்டும், செவுரு காயட்டும். காஞ்சிடுச்சுன்னு நளினி சொன்னா வரேன். நீங்க சொன்னா இல்ல."

நியாயமான நிபந்தனை. ஒப்புக்கொண்டேன்.

9

மூன்று மணிக்குத் தொடங்கிய குறிப்பு ஐந்து மணியாகியும் முடியவில்லை. இப்போது கடற்காற்று தெருவுக்குள் வந்துவிட்டது. மஞ்சள் புடவை ஒருமுறை நிரம்பி, ஒருமுறை தளர்ந்து, மாடியின் மேல் ஏதோ உறங்கும் உயிரைப் போல அசைகிறது. வசந்தா சமையலறையில் என் பெட்டிக்கான கருவாட்டை உறைகளில் பொதிந்துகொண்டிருக்கிறாள். இம்முறை வேண்டுமா என்று தயங்கித்தான் கேட்டாள். வேண்டும் என்றேன்.

தனம் எழுந்துவிட்டாள். கதவருகே வந்து நிற்கிறாள். அவள் கேட்டதையும் நான் சொன்னதையும் அப்படியே எழுதி முடிக்கிறேன்.

"இன்னா எழுதுறீங்க இவ்ளோ நேரமா?"

"சுவரைப் பத்தி. பத்திரிகைக்கு."

"எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும்."

"பேரு போட்டா?"

"பேரு போட்டுத்தான்."

அவள் கதவு நிலையில் சாய்ந்தபடி ஒரு நீண்ட மூச்சை இழுத்துவிட்டாள். தொடங்கியதிலிருந்து முடியும்வரை அது எங்கும் தடுக்கவில்லை.